நாணயமும் பேரேடும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் கையிலிருக்கும் காசையும் குறிக்கும். மனத்திலிருக்கும் நேர்மையையும் குறிக்கும். ‘கடன்’ என்பதும் அவ்வாறே, திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே உணர்த்தும். பொருளையும் அறத்தையும் இவ்வாறு ஒரே சொல்லிற் பிணைத்து வைத்த சமுதாயத்திலே, கடன் தவறியவன் பணத்தை மட்டும் இழப்பதில்லை, பெயரையும் இழக்கின்றான். இழந்த பெயரை அவன் மீட்டுக்கொள்ளுதல் கூடுமா என்பது பொருளியல் சார்ந்த வினா மட்டுமன்று.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பகுதியிலே படகு இயந்திரங்களைத் திருத்தி வாழும் ஒருவர், தமது தொழிற்கூடத்துக்காக வங்கியொன்றிற் கடன் பெற்றிருந்தார். 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் அரிதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகள் பல கரையேறின. ஓடாத படகின் இயந்திரம் திருத்த வருவதில்லை. தவணைகள் தவறின. ஈற்றில் வங்கி அதனை அறவிடமுடியாக் கடனாகக் கொண்டு பதிவழித்தது.

ஈராண்டுகளின் பின் தொழில் ஓரளவு மீண்டது. வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகங்களைத் தருவிக்க அவருக்குக் கடனட்டை தேவைப்பட்டது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பதிவழித்தமையாற் கடன் தீர்ந்ததென்றே அவர் எண்ணியிருந்தார். “ஐயா, அந்தக் கடன் எங்கள் புத்தகத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது, உங்கள் பேரிலிருந்து எடுக்கப்படவில்லை” என்றார் வங்கி அலுவலர்.

பதிவழித்தல் மன்னிப்பன்று. வராத பணத்தைச் சொத்தென்று காட்டுவது பொய்யாகும் ஆதலின், வங்கி தன் ஐந்தொகையை உண்மையாக்கிக்கொள்ளும் கணக்கியற் செயலே அது. அறவிடும் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் கடன்பட்டோரின் விவரங்களைப் பேணுகின்றது. கொடு என்றோ கொடாதே என்றோ அப்பணியகம் கூறுவதில்லை. முடிவு வங்கிக்கே உரியது. ஆயினும் ஏட்டிலே தொகையுண்டு, நாளுண்டு. மண்ணெண்ணெயின் விலையும் கரையேறிய படகும் அதில் இல்லை.

முற்காலத்து நம்பிக்கை முகத்தை அறிந்தது. கடைக்காரரின் கொப்பியிலே கணக்கு நின்றாலும், கடலுக்குப் போகமுடியாத நாள்களை அவர் அறிந்திருந்தார். எனினும் அப்பழமையை அளவின்றிப் போற்றுதலும் பொருந்தாது. முன்பணம் தந்த முதலாளிக்கே, அவர் சொன்ன விலைக்கே, மீனைக் கொடுக்கவேண்டிய கட்டும் அதனுடன் வந்தது. முகமறியாத ஏட்டுக்கு இரக்கமில்லை. ஆனால், செலுத்தித் தீர்த்தவரைக் கட்டிவைக்கும் ஆசையும் அதற்கில்லை.

அவர் அந்த ஏட்டின் வழியிலேயே சென்றார். பணியகத்திடமிருந்து தம்மைப் பற்றிய அறிக்கையைக் கேட்டுப் பெற்றார். நிலுவையைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார். தீர்த்தமைக்கான கடிதத்தை வாங்கி, பதிவு திருத்தப்பட்டமையையும் உறுதி செய்துகொண்டார். பின்னர் ஒரு சிறு தொகையை நிலையான வைப்பிலிட்டு, அதனையே பிணையாக வைத்துக் கடனட்டையொன்றைப் பெற்றார். தம் பணத்தையே ஈடுவைத்துத் தம் நேர்மையை மெய்ப்பித்தல் சிலருக்கு இழிவாகத் தோன்றலாம். அவரோ மாதந்தோறும் உரிய நாளுக்கு முன் முழுத்தொகையையும் செலுத்தி வருகின்றார். ஏடு அறியும் மொழி அது ஒன்றே.

அவர் தவணை தவறிய அதே 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், இலங்கை அரசே தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலர் உதவிக்கு ஒப்புதலளித்தது. 2024 டிசம்பரில் பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதிய முறிகள் வழங்கப்பட்டன. முறிகளை வைத்திருந்தோர் தம் முதற்றொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். நாட்டின் கடன் தரமும் உயர்த்தப்பட்டது. நாட்டுக்காகப் பேச அமைச்சரும் வல்லுநரும் இருந்தனர். அது செலுத்த இயன்ற தொகை எதுவென்று கணிக்கப்பட்டது. அதே நெருக்கடியில் வீழ்ந்த தொழிலாளியின் காரணத்தை எந்த மேசையில் எவர் கேட்டனர்?

கடனைத் தீர்ப்பது கடன்பட்டவரின் கடன், அதில் ஐயமில்லை. தவறியதன் காரணத்தை விசாரித்தறிவதும், தீர்த்தவரைத் தீர்த்தவராகவே ஏற்றுக்கொள்வதும் கொடுப்போரின் கடனாகும். இவ்விரண்டும் நிறைவேறாதவிடத்து, நாணயம் என்பது காசை மட்டும் குறிக்கும் சொல்லாகவே எஞ்சிவிடும்.