பட்டியலில் ஏறாதவை

உடுப்பிட்டியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அம்மம்மா சொன்ன பழங்கதைகளை, அவர் மறைந்தபின் எழுத்தில் வடித்து வருகிறேன். அவர் குரல் பதிந்த பதினான்கு ஒலிக்கோப்புகளே எனக்கு ஆதாரம்.

கணினி கற்கும் மருமகன், "திருத்தினாலும் பழசும் கிடக்கவேணும், மாமா" என்று சொல்லி, ‘கிட்’ என்னும் கருவியை அமைத்துத் தந்தான். லினக்ஸின் நிரலைப் பேணுவதற்காக லீனஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கியது அது. நல்ல கணக்கப்பிள்ளை எனலாம். ஆனால் ‘கிட் ஆட்’ என்று ஒப்படைக்காத கோப்புக்கு அது பொறுப்பன்று. ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று வினவினால், ஏட்டில் ஏறாதவற்றின் பெயரைச் சொல்லும். முழுக் கோப்புறையும் புதிதாயின், உள்ளிருப்பவற்றை விரிக்காமல் கோப்புறையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளும். அதில் நான் பலமுறை ஏமாந்ததுண்டு.

சென்ற மாதம் பழைய கணினியை விற்க நேர்ந்தது. ஸ்டேட்டஸ் கேட்டோம். ஒப்படைக்க ஒன்றுமில்லை என்றது.

"எல்லாம் ஏத்தியாச்சு மாமா. பழசை அழிப்பமோ?"

தலையசைக்கப் போனவன், ஏனோ ஒரு சொல்லைச் சரிபார்க்க விரும்பிப் புதிய கணினியில் ஒலியைத் தேடினேன். எழுதிய பக்கங்கள் யாவும் இருந்தன. குரல் ஒன்றேனும் இல்லை!

மருமகனின் முகம் வெளிறியது. ஒலிக்கோப்புகள் பெரியவை, அவற்றைப் பாராதே என்று தொடக்கத்தில் ‘கிட்இக்னோர்’ கோப்பில் அவனே எழுதி வைத்து மறந்திருந்தான். அவ்வாறு விலக்கியவற்றை ஸ்டேட்டஸ் பேச்சுக்கும் எடுப்பதில்லை. பழைய கணினியில் அக்கட்டளையோடு ‘இக்னோர்ட்’ என்பதையும் சேர்த்துக் கேட்டபோதுதான் பதினான்கு பெயர்களும் வரிசையாக வந்தன. மாணவர்க்கு ஒன்று: ‘கிட் கிளீன்’ இடுமுன் ‘என்’ என்னும் எழுத்தைச் சேர்த்தால், எவை அழியும் என்பதை அழிக்காமலே காட்டும்.

அன்றிரவு பன்னிரண்டாம் பதிவைக் கேட்டேன். 1987 மே மாதம் வடமராட்சியில் படை நடவடிக்கை தொடங்கியபோது, அம்மம்மா காணி உறுதிகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். தாத்தா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்கள் பரணில் கிடந்தன, எவரும் நினைக்கவில்லை. திரும்பி வந்தபோது பரணே இல்லை.

"உறுதி தப்பிச்சுது, காணியும் கிடக்குது. அந்த மனுசன் எழுதினதுதான் ஒண்டும் இல்லை" என்கிறார்.

அதன்பின் சற்று நேரம் கோழிகளின் சத்தம் மட்டுமே கேட்கிறது. அந்த இடத்தை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.