பாட்டுப் போட்டுத் தப்பித்தேன்

காலை நிகழ்ச்சியில் அழைத்த ஒரு மாணவன், "அக்கா, செடிகளுக்குப் புற்றுநோய் வருமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. "நல்ல கேள்வி தம்பி" என்று சிரித்துவிட்டு, ஒரு பாட்டைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் அம்மா விடவில்லை. "அந்தப் பையனுக்கு ஏம்மா பதில் சொல்லல?"

அம்மாவுக்கு அப்போது மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மொத்தம் 25 தடவை; அன்று 11 முடிந்திருந்தது. அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வானொலியில் ஒரு பையன் சொன்னான். நான் பாட்டுப் போட்டு மூடிவிட்டேன். அம்மாவுக்கு அது உறுத்தியிருக்கிறது.

அன்றிரவு தேடிப் படித்தேன்.

செடி நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. நிழலுக்கு நகர முடியாது. புறஊதாக் கதிர் அதன் மரபணு இழையில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். அவற்றைப் பிரித்துவிட ஃபோட்டோலயேஸ் என்ற நொதி இருக்கிறது. அதற்கு வேண்டிய சக்தியும் அதே வெயிலின் நீல ஒளியிலிருந்தே கிடைக்கிறது. மனிதருக்கு இந்த நொதி இல்லை; நம் செல்கள் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்புகின்றன. இவ்விரு வழிகளையும் ஆராய்ந்த அசீஸ் சஞ்சார் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இழையே அறுந்துவிட்டால்? நம் உடலில் பி53 என்ற புரதம், பிரிவதை நிறுத்திப் பழுதைச் சரிசெய்யவும், முடியாவிட்டால் மடியவும் செல்லுக்கு உத்தரவிடுகிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தக் காவல்தான் கெட்டுப்போயிருக்கிறது. செடியில் பி53 இல்லை. எஸ்.ஓ.ஜி.1 என்ற வேறொரு புரதம் அந்த வேலையைப் பார்க்கிறது. வேர் நுனியில் பழுதான மூலச்செல்கள் மடியும். நடுவே, அரிதாகவே பிரியும் சில செல்கள் தப்பி நின்று, பிறகு பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். வேர் மீண்டும் வளரும்.

செடிக்கும் கட்டி வரும். அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா தண்டில் கழலையை உண்டாக்கும். ஆனால், செல்கள் சுவரோடு சுவராக ஒட்டியிருப்பதால் ஒரு செல் கழன்று வேறிடத்துக்குப் போய்ப் பரவ முடியாது.

மறுநாள் மருத்துவமனைக்குக் காரில் போகும்போது இதையெல்லாம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப எனக்கு ஏன் ஒரே நாள்ல வைக்காம, தினமும் கொஞ்சங்கொஞ்சமா வைக்கிறாங்க?"

இதற்குப் பதில் தெரிந்திருந்தது. "இடையில கிடைக்கிற நேரத்துல நல்ல செல் தன்னைச் சரிபண்ணிக்கும்மா. புற்றுநோய்ச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கம்மி."

பெயரைச் சொல்லிவிட்டேன். அம்மா முகம் மாறவில்லை. "அப்ப இன்னும் 14 தடவை. இருக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் காலை அந்த மாணவனுக்கு ஒலிபரப்பில் பதில் சொன்னேன். வீட்டில் அம்மா வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்தாராம். அப்பா சொன்னார்.