ஷீல்டுக்கு ஆடிய லயங்கள்

சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலை ஒரு சுவர் மாதிரி நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். அதையும் தாண்டிப் போனால் தேயிலை. விடியுமுன்னே இந்தப் பக்கத்து ஊர்களில் ஜீப் சத்தம் கேட்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலக்காய் எடுக்கப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். மலை சோறு போடுகிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதே மலை கால்பந்தும் கொடுத்தது என்று சொன்னால்தான் இளவட்டங்கள் சிரிக்கிறார்கள்.

சிரிக்காமல் கேட்பதற்கு ஒரு பேரன் இருக்கிறான். அவன் தாத்தா மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கவ்வாத்து வெட்டுவார், மருந்தடிப்பார். சாயங்காலம் எஸ்டேட் அணிக்கு லெஃப்ட் பேக்.

“தாத்தா, நீங்க எந்த கிளப்புக்கு ஆடுனீங்க?”

“கிளப்பெல்லாம் தொரைமாருக்குடா. நாங்க எஸ்டேட்டுக்கு ஆடுனோம்.”

அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

1877ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், பூஞ்ஞாறு ராஜ குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பிறகு ஸ்காட்லாந்தின் ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. காடு வெட்டவும், செடி வைக்கவும், கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டும். கங்காணிகள் கீழே இறங்கி மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்துப் போனார்கள். மேலே விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. மூணாற்றில் ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நான்கு வருஷம் கழித்து, 1928ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தாலும், அந்த மலைக்குப் போடிதான் ஒரு வாசல்.

1941ல் எஸ்டேட்டுகளுக்கு இடையே ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கியது. பரிசின் பெயர் ஃபின்லே ஷீல்டு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்போது பிறந்த போட்டி, சுதந்திரம் வந்தும் நிற்கவில்லை. 1956ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டு தேவிகுளம் கேரளத்தோடு போனபோதும் நிற்கவில்லை. ஃபின்லே போய் டாட்டா வந்தது. 2005ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கும் புதிய கம்பெனி வந்தது. போர்டில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. ஷீல்டு மட்டும் ஃபின்லே ஷீல்டாகவே இருக்கிறது.

கன்னிமலை, குண்டுமலை, நல்லதண்ணி, மாட்டுப்பட்டி, வாகுவரை, சொக்கநாடு, லெட்சுமி. வெளியாட்களுக்கு இவை டீத்தூள் வாங்கும் ஊர்கள். தாத்தாவுக்கு இவையெல்லாம் எதிர் அணிகள். எந்த எஸ்டேட்காரன் வேகமாக ஓடுவான், எவன் முழங்கையால் இடிப்பான் என்பதெல்லாம் அவருக்கு இன்றும் அத்துப்படி.

கிரிக்கெட் எப்படியோ போகட்டும், மலையில் கால்பந்து பிடித்துப் போனதற்குக் காரணம் எளிது. ஒரு பந்து போதும், இருபத்திரண்டு பேர் ஆடலாம். பூட்ஸ்கூட வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து ஆடிய இந்திய வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 2-1 என்றுதான் தோற்றார்கள். அப்படியிருக்க, சரிவில் கொழுந்துக்கூடையும் கத்தியுமாக ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்குப் பூட்ஸ் ஒரு பொருட்டா?

கஷ்டம் இடம்தான். சரிவில் சமதளம் கிடைக்காது. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு ஓடைவரை போகும். ஒருவன் இறங்கி எடுத்து வரும்வரை மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். “அதுதான்டா எங்களுக்கு இன்டர்வெல்” என்பார் தாத்தா.

அப்படியானால் ஏலத்தோட்டத்தில் ஏன் இப்படி ஒரு போட்டி வளரவில்லை? அங்கும் நம் ஆட்கள்தானே வேலை செய்கிறார்கள்? பேரன் கேட்ட நல்ல கேள்வி இது. பதில் ஜீப்பில் இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அதிகம். பொழுது சாய்ந்தபின் ஆட அங்கே யாரும் இருப்பதில்லை. தேயிலை எஸ்டேட்டில் லயம் இருந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். பொதுக் குழாய், பொதுச் சண்டை, பொதுத் திருவிழா. 1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, பிள்ளை மடுவம், பொழுதுபோக்கு வசதி எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பதினோரு பேர் ஒன்றாக நின்றால் அதுதான் அணி. தனியாக ஆள் தேட வேண்டியதில்லை.

உலகம் முழுக்கவே கால்பந்து இப்படித்தான் வேர் பிடித்திருக்கிறது. இன்று கோடிகளில் புரளும் ஆர்சனல், 1886ல் லண்டன் வூலிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. செர்பியாவில் நீஷ் என்ற ஊரில் 1923ல் தோன்றிய கிளப்பின் பெயர் ராட்னிச்கி. தொழிலாளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தலைநகரத்துப் பெரிய கிளப்புகளின் நிழலில் கிடந்த அந்த அணி, 1982ல் யுஇஎஃப்ஏ கோப்பை அரையிறுதிவரை போனது. சொந்த ஊரில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கை 2-1 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் ஹாம்பர்க்கில் 5-1 என்று தோற்று வெளியேறியது. தோற்றாலும் ஊர் அந்த வருஷத்தை மறக்கவில்லை. நீஷ்காரர் ஒருவரும் சிலமலைத் தாத்தாவும் சந்தித்தால் மொழி தெரியாமலே பேசிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நீஷ்காரருக்கு வயதானால் ஆட்டம்தான் போகும். ஊர் அப்படியே இருக்கும். எஸ்டேட்காரருக்கு ரிட்டயர்மென்ட் என்றால் வீடும் போய்விடும். லயம் வேலைக்கான வீடு. வேலை முடிந்தால், பிள்ளைகளில் யாராவது அதே எஸ்டேட்டில் பெயர் கொடுத்தாலொழிய, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். தாத்தாவின் மகன் பெயர் கொடுக்கவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டான். “நான் பட்டது போதும், நீ போடா” என்று அனுப்பியதும் அவர்தான். அதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் அப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பையன் இறங்கினால், அணிக்கு யார் மிச்சம்? இன்று பல லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

2020 ஆகஸ்ட் 6ம் தேதி இரவு, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மண் சரிந்தது. 70 உயிர்கள் போயின. டி.வி.யில் பெயர் ஓடியபோது தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நயமக்காட்டுக்காரங்க கூட ஆடியிருக்கேன்” என்றார். அவ்வளவுதான். அவர் ஆடிய காலத்து ஆட்கள் யாரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் பிள்ளைகள் இருந்திருப்பார்களே.

எஸ்டேட் வாழ்க்கையை இனிப்பாகச் சொல்லிவிடக் கூடாது. மழையும் அட்டையும் குறைந்த கூலியும் அதில்தான் இருந்தன. 2015ல் மூணாற்றுப் பெண்கள் போனஸ் கேட்டுத் தெருவுக்கு வந்தபோதுதான், அந்த அழகான பச்சைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நாடே பார்த்தது. ஷீல்டு அந்தக் கூலியை உயர்த்திவிடவில்லை. வருஷத்தில் சில நாட்கள், செக்ரோலில் வெறும் நம்பராக இருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் “அடிடா!” என்று கத்தியது அவன் பெயரைச் சேர்த்துத்தான்.

பேரனுக்கு மெஸ்ஸியைத் தெரியும், ரொனால்டோவைத் தெரியும். இப்போது நல்லதண்ணியும் குண்டுமலையும் தெரியும். கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாயில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும்போது, ஓர் ஓரத்தில் நாலைந்து பேரோடு அவன் பந்து உதைக்கிறான். கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு ஜோடி செருப்பு. ஆட்டம் சரியில்லை என்றால் கரையிலிருந்து ஒரு குரல் வரும்: “இடது காலை யாருக்குடா வச்சிருக்க? அதாலயும் அடி!”