பிள்ளைக் கணக்கு

இரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், நம் வீட்டுக் கணக்கொன்றைத் தவறவிட்டோம். திருப்பதிக்கு மாற்றலாகி வந்த ஆண்டில் நம் இல்லாளும் வேலைக்குச் செல்ல நேர்ந்தது. இரண்டு வயதுப் பையனை ஒன்பது வயது மூத்த பெண் பார்த்துக்கொண்டாள். வாரத்தில் இரண்டு நாள் அவள் பள்ளிக்கே போவதில்லை என்பதை, ஆசிரியை ஆளனுப்பிக் கேட்ட பின்னரே அறிந்தோம். “தம்பி அழுவானேப்பா” என்றாள். அவளைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை.

அருகில் அங்கன்வாடி இல்லையா என்பீர்கள். இருந்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. சத்துணவு தருகிறார்கள், மூன்று வயது நிறைந்தோர்க்குப் பாட்டும் கதையும் உண்டு. ஆயினும் அதன் கதவு சாத்தும் வேளை வேறு, தாய் வேலை விட்டுத் திரும்பும் வேளை வேறு. மொழியும் ஒரு தடையாயிற்று. ‘நீள்ளு’ என்று கேட்கத் தெரியாமல் நம் பையன் ஒரு நாள் முழுதும் நாவறண்டு உட்கார்ந்திருந்தான். ஆயா நல்லவர், அவரைக் குறை கூறோம். 1953 வரை சென்னை மாநிலத்தோடிருந்த மாவட்டம் இது. இன்றும் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

இதன் பிறகே சங்கத்து நண்பர்களோடு ஞாயிறுதோறும் வீடுவீடாகச் சென்று ஏடு எழுதத் தொடங்கினோம். பிள்ளைகளின் வயதை மட்டும் எழுதினால் போதாது, தாய் புறப்படும் நேரத்தையும் எழுதவேண்டும் என்பது முதல் தெருவிலேயே விளங்கிற்று. திருப்பதியில் பூக்கட்டும் பெண்டிர் பொழுது புலருமுன் எழுந்து போகின்றனர். விடுதிகளில் துப்புரவு செய்வோர்க்கு இரவு முறையும் உண்டு. பாகாலா வழியே வண்டியேறிச் சித்தூர் சென்றால் அங்கே கதை வேறு. கிளிமூக்கு மாங்காய் வந்து குவியும் சில திங்கள் மட்டுமே கூழ் ஆலைகளில் பெண்களுக்கு ஓயாத வேலை. அப்பருவம் கழிந்தபின் திறக்கும் காப்பகம் யாருக்கு?

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி செய்யவேண்டுமென 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நன்று, பூக்கட்டுபவளுக்கு நிறுவனம் ஏது? அவளுக்கு உதவக்கூடியவை வேறு இரண்டு. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்தும் அங்கன்வாடி இல்லாத சிற்றூர்களிலும் குடிசைப் பகுதிகளிலும், மக்கள் கேட்ட மூன்று திங்களுக்குள் அதைத் திறக்கவேண்டுமென 2006-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022-இல் வந்த பால்னா திட்டமோ அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்க வழி செய்தது: 25 பிள்ளைகள், திங்களுக்கு 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி. அந்த ஏழரை மணி எப்போது தொடங்கவேண்டும் என்பதை நம் ஏடுதான் சொல்லவேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்ப்போம்’ என்பார்கள். பெயரும் வயதும் நேரமும் எழுதி நீட்டினால் வாங்கியாவது வைப்பார்கள். அலுவலகத்தில் நாம் கண்ட வழக்கம் இது.

சித்தூரில் இன்னும் சில தெருக்கள் எஞ்சியுள்ளன. வரும் ஞாயிறு செல்கிறோம். தெலுங்கு எழுதத் தெரிந்தவர் ஒருவர் உடன் வந்தால் நலம். இப்போதைக்கு நம் மூத்த பெண்தான் எழுதுகிறாள்.