ஊரே கைகொடுக்கும் ஓமுத்தா

ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவில் ஃபுகுவோக்கா என்னும் பெருநகரம் உள்ளது. அங்கே 2009இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல்தான் அத்தீவின் முதல் பள்ளிவாசல். அந்நகரிலிருந்து தெற்கு நோக்கி விரைவு ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓமுத்தா வந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் திரளாகச் செல்லும் ஊரன்று அது. ஆயினும், முதிய பெற்றோரைப் பேணும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று அங்கே உண்டு. வாருங்கள் வாசகர்களே, அவ்வூரைச் சுற்றி வருவோம்.

கரி தந்த வாழ்வு

ஓமுத்தாவின் மேற்கே அரியாக்கே கடல். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் நீர்மட்டம் மாறும் கடல் அது. வற்றத்தின்போதும் கப்பல்கள் தரைதட்டாமல் நிற்பதற்காக, 1908இல் திறக்கப்பட்ட மீகே துறைமுகத்தில் நீரைத் தேக்கிவைக்கும் கதவுகளை அமைத்தனர். அக்கப்பல்கள் ஏற்றிச் சென்றது நிலக்கரி. ஊருக்குள் மியானொஹாரா சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. 2015இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது.

கரி வாழ்வளித்தது, உயிரையும் வாங்கியது. 1963 நவம்பர் 9 அன்று மீகே சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 458 தொழிலாளர்கள் மாண்டனர். கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுக் காற்றைச் சுவாசித்துப் பாதிக்கப்பட்டோர் 800க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் பலர் உயிரோடு வீடு திரும்பினர், நினைவாற்றல் திரும்பவில்லை. அக்கணவன்மாரை அவர்தம் மனைவியர் பல்லாண்டுகள் பேணினர்.

1997 மார்ச்சில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி இளைஞர் வெளியேறினர். ஒரு காலத்தில் இரண்டு லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகை பாதியளவாகக் குறைந்தது. இன்று அங்கே மூவரில் ஒருவருக்கும் மேல் 65 வயதைக் கடந்தவர்கள். முதுமையோடு மறதிநோயும் வீடுகளுக்குள் நுழைந்தது.

தெருவில் ஒரு பயிற்சி

இந்நோயாளிகளை வீட்டுக்குள் பூட்டிவைப்பதா? அவர்கள் அச்சமின்றி வெளியே நடமாடும் ஊரை உருவாக்குவதா? ஓமுத்தா இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 2004இல் ஒரு சிறு பகுதியில் தொடங்கிய பயிற்சி பின்னர் நகரெங்கும் பரவியது.

பயிற்சி நாளில் ஒருவர், வழி தவறிய நோயாளியைப் போல் தெருக்களில் நடப்பார். அவருடைய வயது, தோற்றம், உடை பற்றிய செய்தி காவல்துறை, ரயில் நிலையம், அஞ்சலகம், டாக்சி ஓட்டுநர், கடைக்காரர், குடியிருப்போர் என அனைவருக்கும் பறக்கும். காண்பவர் அருகே சென்று பேச வேண்டும். அந்தப் பேச்சுதான் பாடத்தின் உயிர்நாடி. பின்னாலிருந்து அழைத்துத் திடுக்கிடச் செய்யக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, தன்மானத்தைப் புண்படுத்தக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்கதை நூலின் வாயிலாக இந்நோயை விளக்குகின்றனர்.

சொல்லையும் அவர்கள் திருத்திக்கொண்டனர். இந்நோய்க்கு ஜப்பானியர் வழங்கிய பழைய பெயரில் 'மூடத்தனம்' என்னும் பொருள் தொனித்தது. 2004இல் அந்நாட்டு அரசு அதை நீக்கி, அறிதிறன் குறைபாடு என்னும் பொருளுடைய பெயரை வழங்கியது. 2015இல் ஓமுத்தா, குறிக்கோளின்றி அலைவதைச் சுட்டும் சொல்லையும் தன் பயிற்சியின் பெயரிலிருந்து அகற்றியது. வெளியே செல்பவர் வீணே அலைவதில்லை. பழைய வீட்டையோ, என்றோ விட்ட வேலையையோ தேடித்தான் செல்கிறார் அல்லவா!

நாடு தழுவிய அளவில் 2005இல் தொடங்கிய திட்டத்தில், ஒன்றரை மணி நேரப் பாடம் கேட்டு 'மறதிநோய் ஆதரவாளர்' ஆனோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள்.

கண் அயர்ந்த மனைவி

2007இல் ஜப்பானின் ஓபு நகரில் 91 வயது முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்தார். அவரைக் கவனித்துவந்த மனைவிக்கும் வயது 85. சற்றே கண் அயர்ந்த வேளையில் அது நிகழ்ந்தது. ரயில் தாமதத்திற்கு இழப்பீடு கோரிக் குடும்பத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் இழப்பீடு வழங்க ஆணையிட்டன. 2016இல் உச்ச நீதிமன்றம் அக்குடும்பத்தை அப்பொறுப்பிலிருந்து விடுவித்தது. இரவு பகலாய் ஒருவரே காவல் இருத்தல் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் வீடுகள்

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. உண்ட மறுகணம் "எனக்குச் சோறு போடவில்லை" என்று அண்டை வீட்டாரிடம் முறையிடும் உம்மா. சொந்த வீட்டுக்குள் நின்று "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அழும் வாப்பா. ரக்அத் எண்ணிக்கை தவறி மீண்டும் மீண்டும் தக்பீர் கட்டும் பெரியவர். இவர்களை நாம் அறிவோம். பழி சுமப்பவள் பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். சூனியம் என்றும் ஷைத்தானின் வேலை என்றும் எண்ணி அலைந்து, மருத்துவரிடம் செல்லும் காலத்தைத் தவறவிடுவோரும் உண்டு. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் சீராக்க முடியும். ஆதலால் முதற்கண் மருத்துவரை நாடுக.

அறிந்தவற்றையெல்லாம் மறக்கும் தள்ளாத பருவம் சிலருக்கு நேரும் என்பதைத் திருமறையின் 16ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. முதிய பெற்றோரிடம் சலிப்பின் சிறு ஒலியும் எழலாகாது என்பதை 17ஆம் அத்தியாயம் கற்பிக்கிறது. அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை. ஆகவே தொழுகையை மறந்தவரைக் கடிந்துகொள்ள வேண்டா. விரும்பி நிற்கும்போது அருகே நில்லுங்கள், போதும்.

ஓமுத்தா செய்ததை நம் ஜமாஅத்துகள் செய்ய இயலாதா? ஜும்ஆ நாளில் இந்நோய் பற்றி ஒரு விளக்கவுரை. மத்ரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். தெருவின் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் ஒரு வேண்டுகோள். முதியவரின் சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. கேரளத்தில் 1992இல் தொடங்கப்பெற்ற அல்சைமர் நோயாளர் நலச் சங்கம், குடும்பங்களுக்கு வழிகாட்டும் பணியை நம் நாட்டிலேயே ஆற்றிவருகிறது.

யாவற்றுக்கும் மேலாக, பேணுபவருக்கு ஓய்வு தாருங்கள். வாரத்தில் ஒரு நாள் அஸர் முதல் மஃரிபு வரை அண்டை வீட்டுச் சகோதரி ஒருவர் வந்து அமர்ந்தால், அந்த மருமகள் சற்றே கண் அயர்வாள். அந்த உறக்கத்தைக் காப்பதும் நற்செயலே.

நம் முதியோரையும் அவர்களைப் பேணுவோரையும் வல்ல அல்லாஹ் தன் அருளால் சூழ்வானாக! ஆமீன்.