வேவர்லியில் பாதி மனிதர்

ஈஸ்டர் ஞாயிறன்று சிட்னியின் ஐரிஷ்காரர்கள் வேவர்லி கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். கடலைப் பார்த்த மேட்டில், வெள்ளைப் பளிங்கில், ஓங்கிய கெல்டிக் சிலுவையோடு நிற்கும், ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1798 ஐரிஷ் கிளர்ச்சியின் நினைவுச்சின்னத்தின் அடியில் மைக்கேல் ட்வையரும் அவர் மனைவி மேரியும் இருக்கிறார்கள். கவிஞர் ஹென்றி லாசனும் இதே தோட்டத்தில்தான் என்றாலும், இந்தக் கல்லின் ஆடம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட அவருக்கு வாய்க்கவில்லை. கல்லின் அழகில் எனக்குக் குறையில்லை. ட்வையரின் வாழ்க்கையில் ஐந்தரை ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்த பத்தொன்பதரை ஆண்டுகளை இந்தச் சின்னம் விழுங்கிவிட்டது என்பதுதான் குறை. விழுங்கப்பட்டவை அவர் இந்த மண்ணில் வாழ்ந்த ஆண்டுகள்.

முதல் பாதியை ஐரிஷ் பிள்ளைகள் பாட்டாகவே அறிவார்கள். விக்லோ மாவட்டத்து இமால் பள்ளத்தாக்கில் 1772இல் பிறந்த விவசாயி மகன். 1798இல் ஐக்கிய ஐரிஷ்காரர்களின் கிளர்ச்சி தோற்றபோது மற்றவர்கள் சரணடைந்தார்கள், செத்தார்கள். ட்வையர் மலைக்குள் போய்விட்டார். நம் சரித்திரப் பாடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக வாங்கிய காரன்வாலிஸ்தான் அப்போது டப்ளினில் ஆட்சித் தலைவர். ட்வையரையும் அவர் கூட்டத்தையும் பிடிப்பதற்காகவே அந்த மலைகளின் குறுக்கே 1800இல் ராணுவச் சாலை போடத் தொடங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதில்தான் காரோட்டுகிறார்கள். சாலையும் பிடிக்கவில்லை, 1803 டிசம்பரில் அவராகவே சரணடைந்தார். அமெரிக்காவுக்கு அனுப்புவோம் என்ற பேச்சை நம்பினார். கில்மைனம் சிறையில் காத்திருக்க வைத்து, கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பலின் பெயர் ‘டெல்லிச்சேரி’, நம் மலபார்க் கரையின் தலச்சேரியேதான். அடங்காதவனைக் கடல் கடத்துவது அந்தக் காலத்து ஆங்கிலேயரின் பொதுவான வழக்கம். சிவகங்கைப் போர் முடிந்ததும் சின்ன மருதுவின் மகன் துரைசாமியை 1802இல் பினாங்குக்கு அனுப்பியதும் அதே கணக்குதான்.

1806 பிப்ரவரியில் சிட்னியில் இறங்கியவர் தண்டனை பெற்ற கைதி அல்ல. வழக்கும் தீர்ப்பும் இல்லாமலே நாடு கடத்தப்பட்டவர் என்பதால் கபிரமாட்டாவில் நூறு ஏக்கர் கொடுத்தார்கள். ஆனால் நிம்மதி கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் காசில் ஹில்லில் ஐரிஷ் கைதிகள் ஆயுதம் தூக்கியிருந்தார்கள். ‘பவுண்டி’ கப்பல் கலகத்தால் பேர்போன வில்லியம் பிளை பிறகு ஆளுநராக வந்தார். எதைப் பார்த்தாலும் அவருக்குச் சதியாகவே தெரிந்தது. 1807இல் ட்வையர்மீது கலகச் சதி என்று வழக்குப் போட்டார். நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த பிறகும் பிளை அவரை நார்ஃபோக் தீவுக்கும் பிறகு டாஸ்மேனியாவுக்கும் தூக்கியடித்தார். அதே பிளையை 1808இல் அவருடைய சொந்தப் படை அதிகாரிகளே கவிழ்த்ததால்தான் ட்வையர் திரும்பி வர முடிந்தது. பிறகு நடந்ததைத்தான் வேவர்லி கல் பேசுவதில்லை. 1813இல் அவர் போலீஸ்காரர் ஆனார். 1820இல் சிட்னியை அடுத்த லிவர்பூலுக்குத் தலைமைக் காவலர். அந்த வருடமே குடித்தார், முக்கியக் காகிதங்களைத் தொலைத்தார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். அறுநூறு ஏக்கருக்கு மேல் சேர்த்த நிலம் கடனில் போயிற்று. 1825 மே மாதம் கடன்காரர் சிறையில் சில வாரம் இருந்தார். அங்கே பிடித்த சீதபேதி ஆகஸ்டில் ஆளை முடித்தது.

இதையெல்லாம் ஏன் கல்லில் வெட்ட வேண்டும், நினைவுக்கல் என்ன வாழ்க்கை வரலாறா என்று கேட்பார்கள். நல்ல கேள்வி; நம் நடுகல்லையே சாட்சிக்கு இழுத்து அதைக் கேட்கலாம். ஆநிரை மீட்டுப் பட்டான் என்று எழுதிய கல்லில் அவன் வாங்கிய கடனை யார் எழுதினார்கள்? ஆனால் நடுகல் வீரன் அந்தச் சண்டையிலேயே விழுந்தவன். அவனுக்கு அதற்குப் பின் எழுத ஒன்றுமில்லை. அப்படி ஒருவர் ட்வையர் கதையிலும் இருக்கிறார். 1799இல் டெரினமக்கில் வீட்டைச் சூழ்ந்த சிப்பாய்கள் எரித்தபோது, துப்பாக்கிகளைத் தன்மேல் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, ட்வையர் தப்ப வழிவிட்டவர் சாம் மெக்கலிஸ்டர். அவருக்கு பால்டிங்கிளாஸ் ஊரில் 1904இல் சிலை வைத்தார்கள்; அது முறையான நடுகல். ட்வையர் பிழைத்தவர். பிழைத்தவரைச் செத்தவரின் சட்டத்துக்குள் அடைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கலகக்காரன் காவல்காரன் ஆனது துரோகமில்லையா, மறைப்பது அவருக்கே மரியாதைதானே என்பார் இன்னொருவர். துரோகம் என்று சொல்ல யாரையாவது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அப்படி அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை. ஊர் திரும்ப வழியில்லாமல், மனைவியையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒரு காலனியில் கிடைத்த வேலையைப் பார்த்திருக்கிறார். கடல் கடந்து வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான், மலையில் ஒளிந்து சுடுவதை அல்ல.

மறைத்ததற்கான காரணத்தை 1898இல் தேட வேண்டும். அதற்கு முப்பது ஆண்டு முன், 1868இல், ஓஃபாரல் என்ற ஐரிஷ்காரர் சிட்னியில் பிரிட்டிஷ் இளவரசர் ஆல்ஃபிரெடைச் சுட்டார். இளவரசர் பிழைத்தார், சுட்டவர் தூக்கில் தொங்கினார், ஐரிஷ் கத்தோலிக்கர் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். கிளர்ச்சியின் நூற்றாண்டு வந்தபோது அவர்களுக்குத் தலை நிமிர ஒரு மாவீரர் தேவைப்பட்டார். லிவர்பூலில் புதைத்து, 1878இல் பேரன் பாதிரியார் டெவன்ஷயர் தெருக் கல்லறைக்கு மாற்றிய எலும்புகளை மறுபடி எடுத்து, ஊர்வலமாக வேவர்லிக்குக் கொண்டுவந்தார்கள். தெரு நெடுகக் கூட்டம். அன்றைய தேவை நியாயமானது. கடனாளிப் போலீஸ்காரரை அந்த ஊர்வலம் தாங்கியிருக்காது. இன்றைக்கு அந்தத் தேவை இல்லை.

டெவன்ஷயர் தெருவில் விட்டிருந்தாலும் அவர் தங்கியிருக்க மாட்டார்: 1901இல் அந்தக் கல்லறையையே அகற்றி அதன்மேல் சென்ட்ரல் ரயில் நிலையம் கட்டினார்கள்.

கல் முடிந்துபோன வேலை, இனி அதில் கை வைக்கக் கூடாது என்பது கடைசி ஆட்சேபம். இது எடுபடாது. அந்தச் சின்னத்தில் 1916 ஈஸ்டர் கிளர்ச்சிக்காகச் சுடப்பட்டவர்களின் பெயர்களைப் பின்னால் சேர்த்தார்கள். 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்தவர்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அயர்லாந்தில் இறந்தவர்களுக்குக் கிடைத்த இடம், லிவர்பூலில் காவல் பார்த்துக் கடன்பட்டு இறந்தவருக்கும் கிடைக்கலாம். அவர் எலும்புகள்தானே அடியில் இருப்பவை. இரண்டு வரி போதும்: 1806 முதல் 1825 வரை இந்த நாட்டில் விவசாயி, தலைமைக் காவலர், கடனாளி.