அசையாத எலி

பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் பிறந்த நமக்கு எலி என்றால் மரச்சீனிக் கிழங்கைக் குடைந்து தின்னும் திருடன். கருவாட்டுத் துண்டு வைத்துப் பிடித்து, பெட்டியோடு குளத்தில் முக்குவதே ஊர்வழக்கம். அந்த எலியையே மனிதனின் மனத்துயரை அளக்கும் கோலாக அறிஞர் கொண்டனர் என்று படித்தபோது வியந்தோம்.

அவர்களும் நீரில்தான் விட்டார்கள். 1977இல் பிரான்சு நாட்டில் ரோஜர் போர்சோல்ட் என்பவர் நீர் நிறைந்த உருளையில் எலியை விட்டார். முதலில் அது சுவரைப் பிறாண்டி நீந்தும். பின்னர் மூக்கு மட்டும் வெளியே தெரிய அசையாது மிதக்கும். 15 நிமிடத்தில் எடுத்துவிடுவர். மறுநாள் மீண்டும் விட்டால் விரைவிலேயே அசைவற்றுப்போகும். மனச்சோர்வுக்குரிய மருந்து கொடுத்தாலோ நெடுநேரம் நீந்தும். எனவே, அசையாமை நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்றார் அவர். பிற்காலத்தார் சிலர் இதனை மறுப்பர்: வழியில்லை என்று கற்றுக்கொண்ட எலி தன் வலுவைச் சேமிக்கிறது என்பது அவர்கள் கட்சி.

இவ்வழக்கு நமக்குப் புதியதன்று. எம் சித்தி ஒருவர், பிள்ளைகள் மூவரும் கடல் கடந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 'பழகிவிட்டாள்' என்றது ஊர். பழகினாரா, மனம் விட்டாரா? அசையாமையை மட்டும் பார்த்து அதைச் சொல்ல இயலாது.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜி குழுவினர் வேறு வழியில் சென்றனர். எலிகளை நாளும் 2 மணி நேரமாக 10 நாள் அசையவிடாது அடைத்தனர். பின்பு தரையினின்று உயர்த்திய கூட்டல்குறி வடிவப் பாதையில் விட்டனர். அதன் இரு கிளைகளுக்குச் சுவர் உண்டு. மற்ற இரண்டும் திறந்தவை. அஞ்சிய எலி சுவருள்ள பக்கமே ஒதுங்கும். மூளையைப் பார்த்தால், நினைவுக்குரிய பகுதியில் நரம்புக் கிளைகள் சுருங்கியிருந்தன. அச்சத்துக்குரிய பகுதியிலோ தழைத்திருந்தன. 2002இல் வெளியான முடிவு இது. 2004இல் வெளியானது இன்னும் கனமானது: 21 நாள் ஓய்வுக்குப்பின் சுருங்கியது மீண்டது, தழைத்தது அப்படியே நின்றது, அச்சமும் நீங்கவில்லை.

எலியை மனிதனாகவே கொள்வது தகாது. எலி எந்தப் பிள்ளையின் தொலைபேசிக்கும் காத்திருப்பதில்லை. ஆயினும் அயல்நாடுகளில் வாழும் அன்பர்களே, 'சுகமா?' என்று கேட்டால் ஊரிலிருந்து 'சுகம்' என்றே விடை வரும். சந்தைக்குப் போனீர்களா, கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற ஆண்டு பிள்ளைகள் ஒரு மாதம் வந்து தங்கியபோது சித்தி நன்றாக உண்டார், சிரித்தார், பழங்கதைகளைப் பிசகாமல் சொன்னார். வாசற்படி மட்டும் இறங்கவில்லை. திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, இளையவன் ஓணத்துக்கு மறுபடியும் வருகிறான்.